கப்பல் வழியாக அயல் கடலுயிர்கள் பரவுவது எப்படி?

கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: கரையோரத்தில் மட்டுமே வாழத் தெரிந்த ஒரு மட்டியோ நண்டோ, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழ்கடலைத் தாண்டி இன்னொரு கண்டத்தின் கரைக்குக் கப்பலில் எப்படிப் போய்ச் சேருகிறது? பேலாஸ்ட் நீரை, அதாவது சமநிலைக்காகக் கப்பல் தொட்டிகளில் சுமக்கும் கடல்நீரை, சுத்திகரிக்க வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தமே வந்துவிட்ட பிறகும் இது ஏன் நிற்கவில்லை? இரண்டாவதற்குச் சட்டென்று ஒரு பதில் சொல்லலாம். சட்டம் கப்பலின் வயிற்றைப் பார்க்கிறது. தோலை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் விவரமாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

கடலெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துதானே கிடக்கிறது, மிதந்தே போய்விடலாமே என்று தோன்றும். போக முடியாது. கழிமுகத்துச் சேற்றில் வாழும் மட்டிக்கு நடுக்கடல் பாலைவனம் மாதிரி. அதன் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வந்து தண்ணீரில் மிதந்து திரியும் குஞ்சுப் பருவம், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம்தான். அதற்குள் ஒட்டிக்கொள்ள ஒரு கல்லோ தூணோ கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. நீரோட்டம் ஒரு பெருங்கடலைக் கடக்க மாதக்கணக்காகும். இன்றைய கப்பல் பசிபிக்கைச் சுமார் இரண்டு வாரத்தில் கடந்துவிடுகிறது. லார்வாவின் ஆயுளைவிடப் பயணம் குறுகியபோதே பெருங்கடல் என்ற மதில் இடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

இனி பேலாஸ்ட். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கப்பல் தக்கை போல மேலே எழும்பி நிற்கும். புரொப்பல்லர் பாதி வெளியே தெரியும். அலை அடித்தால் உருளும். நடுவில் வளைந்து உடையவும் கூடும். ஆகவே பாரம் வேண்டும். மரக்கப்பல் காலத்தில் கல்லையும் மணலையும் கரையிலிருந்து அள்ளி அடித்தட்டில் போட்டார்கள்; போய்ச் சேர்ந்த இடத்தில் கரையோரம் கொட்டினார்கள். நத்தை, பாசி, விதை, பூச்சி எல்லாம் கூடவே போயின. இரும்புக் கப்பலும் பம்பும் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, கல்லின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. வால்வைத் திறந்தால் கடல் தானாக உள்ளே வரும். கூலியும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பெரிய தாதுக் கப்பல் ஒன்று ஒரே பயணத்தில் பல பத்தாயிரம் டன் கடல்நீரை இப்படிச் சுமக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 300 கோடி டன் என்பதிலிருந்து 1,000 கோடி டன் வரை மதிப்பீடுகள் உண்டு. இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனியுங்கள். வெறுங்கப்பல்தான் தண்ணீர் சுமக்கும். வெறுங்கப்பல் வருவது சரக்கு ஏற்றுமதியாகும் துறைமுகத்துக்கு. ஆக நிலக்கரி, இரும்புத்தாது, மரச்சில்லு என்று அனுப்பும் கரைகள், வாங்குகிற நாட்டின் கடலைப் பதிலுக்கு வாங்கிக்கொள்கின்றன. ஜப்பானின் காகித ஆலைகளுக்கு மரச்சில்லு அனுப்பிய அமெரிக்காவின் கூஸ் பே, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா இரண்டும் இந்த வணிகத்தில் இருந்த இடங்கள். இரண்டின் பெயரும் இத்துறையில் திரும்பத் திரும்ப அடிபடுவது தற்செயல் அல்ல.

கூஸ் பேயில் ஜேம்ஸ் கார்ல்ட்டன், ஜொனாதன் கெல்லர் என்ற இரு கடலுயிர் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த 159 கப்பல்களின் பேலாஸ்ட் நீரை வலையால் சலித்துப் பார்த்தார்கள். 367 வகை உயிரிகள் கிடைத்தன. புழு, நண்டுக் குஞ்சு, மட்டிக் குஞ்சு, மிதவைப் பாசி என்று கடல்வாழ் உயிர்களின் பெரும் பிரிவுகள் அனேகமாக எல்லாமே அதில் இருந்தன. 1993இல் அது வெளியான பிறகுதான், பேலாஸ்ட் தொட்டி வெறும் தண்ணீர்த் தொட்டி அல்ல, ஒரு துறைமுகத்தின் துண்டு என்று பலருக்கு உறைத்தது. ஆனால் சந்தேகம் மிகப் பழையது. 1903இல் வட கடலில் ஆசியாவைச் சேர்ந்த ஒரு டயட்டம் பாசி திடீரென்று பெருகியது. கப்பல் தண்ணீரில்தான் வந்திருக்கும் என்று ஆஸ்டன்ஃபெல்ட் என்ற டேனிஷ் அறிஞர் 1908இலேயே எழுதினார். கேட்டுச் செயல்பட உலகத்துக்கு நூறு ஆண்டு ஆனது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது? இருட்டு, துரு, ஆக்ஸிஜன் குறைவு. வெளிச்சம் தேவைப்படும் பாசிகள் சில நாளில் செத்துவிடும். அவற்றைத் தின்னும் சின்ன உயிர்களும் நாளாக ஆகக் குறையும். இதனால் நீண்ட பயணம் இயல்பாகவே ஒரு வடிகட்டி மாதிரி. ஆனால் தொட்டியின் அடியில் படியும் சேறு வேறு கதை. துறைமுகத் தண்ணீர் எப்போதும் கலங்கல்தான். அந்த மண் தொட்டியில் படிந்து, பம்ப் செய்தாலும் முழுக்க வெளியே போகாமல், வருடக்கணக்கில் சேரும். டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசிகளில் சில, காலம் சரியில்லை என்றால் தடித்த உறைக்குள் சுருண்டு உறங்கிவிடும். சிஸ்ட் என்பார்கள். அந்த நிலையில் பல ஆண்டுகள் கிடக்கும். நல்ல தண்ணீரும் வெளிச்சமும் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஹாலெக்ராஃப், போல்ச் என்ற இருவர் கப்பல் தொட்டிகளின் சேற்றை ஆராய்ந்தபோது, ஒரே ஒரு தொட்டியில் உயிருள்ள நச்சுப்பாசி சிஸ்ட்கள் 30 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இந்தப் பாசியைத் தின்ற சிப்பியை மனிதர் தின்றால் நரம்புகள் செயலிழக்கும், மூச்சே நிற்கலாம். சிப்பி பார்வைக்கும் ருசிக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

கிருமிகளும் வருகின்றன. 1991இல் லத்தீன் அமெரிக்காவில் காலரா பரவியபோது, அதே வகைக் காலராக் கிருமி அமெரிக்காவின் மொபைல் விரிகுடாச் சிப்பிகளில் தென்பட்டது. அங்கே வந்த 19 கப்பல்களைச் சோதித்தபோது 5 கப்பல்களின் தண்ணீரில் அது இருந்தது. பெருவுக்கே காலராவைக் கொண்டுவந்தது கப்பல் தண்ணீர்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதற்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. மொபைல் விரிகுடாவில் கண்டது மட்டும் உறுதி.

பேலாஸ்ட் நீர் என்றால் எல்லோரும் எடுக்கும் உதாரணம் கருங்கடல். பழகிப்போன உதாரணம்தான், ஆனாலும் முழுக்கத் தெரிந்துகொள்ளத் தக்கது. அட்லாண்டிக்கின் அமெரிக்கக் கரைகளில் வாழும் நெமியோப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி, பார்க்கச் சொறிமீன் போல இருக்கும், ஆனால் கொட்டாது. ஒரே உடலில் ஆணும் பெண்ணும். தனக்குத்தானே கருவுற்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். இரை கிடைக்காவிட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கப்பல் தொட்டிப் பயணத்துக்கென்றே படைத்தது போல ஓர் உடம்பு. 1980களின் தொடக்கத்தில் கருங்கடலில் தென்பட்டது. 1989 வாக்கில் அந்தக் கடலில் இருந்த மொத்த எடை 100 கோடி டன் என்று ஒரு மதிப்பீடு வந்தது. அது மிகை என்று பின்னால் சிலர் சொன்னார்கள். ஆனால் கடல் முழுக்க வழுவழுவென்று ஆனதை யாரும் மறுக்கவில்லை. நெத்திலிக்கு இரையான மிதவை உயிர்களை இது தின்றது, நெத்திலியின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. நெத்திலி மீன்பிடிப்பு சரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஜெல்லி ஒன்றே கருங்கடலைக் கெடுத்தது என்று எழுதுவது வசதியான பொய். அதற்கு முன்பே அளவுக்கு மீறி மீன் பிடித்திருந்தார்கள்; டான்யூப் முதலான ஆறுகள் உரச்சத்தைக் கொண்டுவந்து கொட்டி, கடல் பாசி பிடித்துக் கிடந்தது. போட்டிக்கு மீன் இல்லாத, தீனி நிறைந்த வீட்டுக்குள் ஜெல்லி நுழைந்தது. அயல் இனம் வருவதும் ஆக்கிரமிப்பதும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் நாம் முன்கூட்டியே இடம் ஒழித்து வைத்திருப்போம்.

அப்புறம் நடந்தது இன்னும் விசித்திரம். 1997இல் பெரோயே என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி கருங்கடலுக்கு வந்தது, அதுவும் கப்பல் தண்ணீரில்தான் என்று கருதுகிறார்கள். அதன் இரையே நெமியோப்சிஸ். முதல் ஜெல்லியின் கூட்டம் குறைந்தது, கடல் கொஞ்சம் மூச்சுவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, முழுக்க அதிர்ஷ்டம். இதற்கிடையே நெமியோப்சிஸ் வோல்கா-டான் கால்வாய் வழியாகக் காஸ்பியன் கடலுக்குப் போய்விட்டிருந்தது. 1999இல் அங்கே உறுதியானது. அங்கே கில்கா என்ற சிறுமீன் தொழில் விழுந்தது. 2006இல் வட கடலிலும் பால்டிக்கிலும் தென்பட்டது. ஒருமுறை ஓரிடத்தில் காலூன்றிய இனத்துக்கு அந்த இடமே அடுத்த பயணத்தின் புறப்பாட்டுத் துறை ஆகிவிடுகிறது.

பேலாஸ்டைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது கப்பலின் வெளிப்புறம். தண்ணீரில் போட்ட எந்தப் பொருளிலும் சில மணி நேரத்தில் பாக்டீரியா வழவழப்பாகப் படியும். அதன் மேல் பாசி. அதன் மேல் கொட்டலசு என்று கடற்கரையில் சொல்லும் பார்னக்கிள், மட்டி, குழாய்ப்புழு, கடற்பஞ்சு. அவற்றின் இடுக்குகளில் நண்டும் நத்தையும் குடியேறும். பேலாஸ்ட் தொட்டிக்குள் போவது பெரும்பாலும் குஞ்சுகள், அவை பிழைத்து வளர வேண்டும். கப்பலின் உடம்பில் ஒட்டிப்போவது வளர்ந்த, இனப்பெருக்கத்துக்குத் தயாரான கூட்டம். புதுத் துறைமுகத்தின் வெதுவெதுப்பான தண்ணீரில் கப்பல் நுழைந்ததும் அந்த வெப்ப மாற்றமே சில மட்டிகளுக்கு முட்டை விடச் சைகையாகிவிடும். கப்பல் இரண்டு நாளில் கிளம்பிப் போகும், குஞ்சுகள் தங்கிவிடும். இன்று உலகக் கடலோரங்களில் வேரூன்றியிருக்கும் அயல் இனங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒட்டி வந்திருக்கக்கூடியவை என்று ஓர் உலகளாவிய ஆய்வு கணித்தது. அப்படியிருந்தும் பேச்சும் பணமும் சட்டமும் பேலாஸ்ட் பக்கமே போயின. காரணம் எளிது. தண்ணீரை அளக்கலாம், மாதிரி எடுக்கலாம், வடிகட்டலாம். 300 மீட்டர் நீளக் கப்பலின் அடியை, கலங்கல் தண்ணீரில், யார் மூழ்கிப் பார்ப்பது?

வேகமாக ஓடும் கப்பலின் பரந்த, வழுக்கலான அடிப்பகுதியில் அவ்வளவாக ஒன்றும் நிற்காது. தண்ணீரின் இழுப்பே துடைத்துவிடும். பிரச்சினை மூலை முடுக்குகளில். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் இடத்தில் கப்பலின் உடலில் கம்பி போட்ட ஒரு குழிப்பெட்டி இருக்கும், சீ செஸ்ட் என்பார்கள். வெளியே எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்குள் தண்ணீர் அமைதி. சின்ன மீனும் நண்டும் உள்ளே சொகுசாக வாழும். ஆஸ்திரேலியாவில் ஒரு பயணிகள் கப்பலின் சீ செஸ்டிலேயே ஐரோப்பியப் பச்சை நண்டு உயிரோடு கிடைத்திருக்கிறது. சுக்கானின் பின்புறம், புரொப்பல்லர் தண்டு, முன்பக்க உந்திகளின் குழாய் எல்லாமே இதே ரகம். இன்னொன்று வெளியாட்களுக்குத் தோன்றாது. டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுப் பழுதுபார்க்கும் துறையில், கப்பலை ஏற்றி வண்ணம் பூசும்போது, அது கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். கட்டை தொட்ட இடத்தில் புது வண்ணம் ஏறாது. அடுத்த முறை கட்டையை மாற்றி வைக்காவிட்டால் அந்தத் திட்டுகள் பத்து வருடம் பாதுகாப்பின்றிக் கிடக்கும்.

சரி, விஷ வண்ணம் பூசித் தடுக்கலாமே? பூசினார்கள். டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டிபிடி, 1960களிலிருந்து பரவலான ஒரு தகரச் சேர்மம். பிரமாதமாக வேலை செய்தது. கப்பலோடு நிற்கவில்லை என்பதுதான் வினை. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு கோணிப்போய் தடித்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. சில வகைப் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டையிட முடியாமல், இனமே சில கரைகளில் காணாமல்போனது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தடை ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பின் செம்பு கலந்த வண்ணங்களுக்குத் திரும்பினோம். செம்பையும் பொருட்படுத்தாத உயிர்கள் இருக்கின்றன. வாட்டர்சிபோரா என்ற பிரையோசோவன் (கூட்டமாக ஒட்டி வளரும் சின்னக் கடலுயிர்) செம்பு வண்ணத்தின் மேலேயே தகடு போலப் படர்கிறது. செம்பு ஆகாத மற்ற உயிர்கள் அந்தத் தகட்டின் மேல் வந்து உட்காருகின்றன. ஒருவன் விரித்த பாயில் பத்துப் பேர்.

வழக்கமான சரக்குக் கப்பலைவிட மோசமானவை மெதுவாக நகர்பவையும் நீண்ட நாள் ஒரே இடத்தில் நிற்பவையும்: தூர்வாரிகள், பார்ஜுகள், எண்ணெய் துரப்பண மேடைகள். 2006இல் பிரேசிலிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு மேடையை இழுத்துப் போனார்கள். தென் அட்லாண்டிக்கில் புயலில் கயிறு அறுந்து, அது டிரிஸ்டன் டா குன்யா தீவில் போய்த் தரைதட்டியது. மனிதர் வாழும் தீவுகளிலேயே மிகத் தனித்துக் கிடக்கும் தீவு அது. மேடையின் அடியைப் பார்த்தவர்கள் அந்தத் தீவுக்கு அயலான 62 வகை உயிர்களைக் கணக்கிட்டார்கள். ஒட்டி வந்தவை மட்டுமல்ல. மேடையின் நிழலிலேயே நீந்தி வந்த மீன்களும் அதில் அடக்கம். கிளம்பும் முன் சுத்தம் செய்யாத ஒரே ஒரு மேடை, ஒரே ஒரு விபத்து. சிங்கி இறாலை நம்பி வாழும் அந்தச் சிறு சமூகத்தின் கடலுக்குள் ஒரு முழுப் பாறைத்திட்டே வந்து இறங்கியது மாதிரி.

இப்படி வந்து இறங்குபவை எல்லாம் பிழைப்பதில்லை. பெரும்பாலானவை செத்துப்போகும். வந்ததில் பத்தில் ஒன்று தலைகாட்டும், அதில் பத்தில் ஒன்று நிலைக்கும், அதிலும் பத்தில் ஒன்றுதான் தொல்லையாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. தோராயம்தான், கடலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. முக்கியமானது, கப்பல் ஒருமுறை வந்து நிற்பதில்லை. அதே தடத்தில் வாரா வாரம் வருகிறது. பரிசுச் சீட்டு ஒன்று வாங்கினால் விழாது. ஆண்டுக்கு ஆயிரம் சீட்டு, ஐம்பது ஆண்டு வாங்கினால் என்றாவது விழும்.

இன்னொன்று, துறைமுகங்கள் ஒன்றுக்கொன்று சொந்தம் போல இருப்பது. இயற்கையான கரைகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. துறைமுகமோ எங்கே போனாலும் கான்கிரீட் சுவர், இரும்புத் தூண், எண்ணெய் படிந்த கலங்கல் நீர். ஒரு துறைமுகத்தின் அழுக்கைத் தாங்கிப் பிழைத்த உயிருக்கு அடுத்த துறைமுகம் புது ஊரே அல்ல. உள்ளூர் உயிர்கள் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருப்பதால் இடமும் காலி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 234 அயல் இனங்கள் நிலைத்துவிட்டதாக 1998இல் கோஹனும் கார்ல்ட்டனும் எழுதினார்கள். 1961க்கும் 1995க்கும் இடையே சராசரியாக 14 வாரத்துக்கு ஒரு புது இனம். 1986இல் அங்கே கண்ட ஓர் ஆசிய மட்டி, சில ஆண்டுகளில் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் பெருகி, விரிகுடாவின் வடபகுதியில் ஒவ்வொரு ஆண்டும் பூத்து வந்த மிதவைப் பாசியையே வடிகட்டித் தீர்த்துவிட்டது. உணவுச் சங்கிலியின் அடிக்கண்ணி அது.

இதே போல அமெரிக்கக் கண்டத்தின் சாரு மட்டி 2014இல் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர் என்று ஆசியாவில் பதிவாகி, பின் கேரளக் காயல்களிலும் எண்ணூர், பழவேற்காடு பக்கமும் படர்ந்திருக்கிறது. காக்கா ஆழி என்பது மீனவர்கள் அதற்கு வைத்த பெயர். சேற்றின் மேல் பாய் விரித்தது போலப் பரவிவிடுவதால், சேற்றில் புதையும் இறாலுக்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவருக்குப் பிழைப்பும் இல்லை.

கால்வாய்களை ஒரு வரியில் தாண்டிவிட முடியாது, ஆனால் அது தனிக் கதை. சூயஸ் 1869இல் திறந்ததிலிருந்து செங்கடல் இனங்கள் நூற்றுக்கணக்கில் மத்தியதரைக் கடலுக்குள் வந்துவிட்டன, பல கப்பலின் உதவியின்றித் தாமாகவே நீந்தி. பனாமாவில் நடுவே காட்டூன் என்ற நன்னீர் ஏரி இருப்பதால் கடல் உயிர்களுக்குப் பெரிய தடை. வெட்டியவர்கள் அதை மனதில் வைத்து வெட்டவில்லை, நல்லதாக அமைந்துவிட்டது.

இனி சட்டத்துக்கு வருவோம். சட்டங்கள் முதலில் சொன்ன வழி, நடுக்கடலில் தண்ணீரை மாற்றிக்கொள்வது. கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில், தொட்டியின் 95 சதவீத நீரையாவது மாற்ற வேண்டும். கழிமுக உயிர்கள் உப்பு மிகுந்த நடுக்கடலில் சாகும், நடுக்கடல் உயிர்கள் கரையில் சாகும் என்பது எண்ணம். நல்ல யோசனைதான், ஆனால் அடிச்சேறு அசையாது. புயல் நேரத்தில் செய்யவும் முடியாது. குறுகிய கடற்பாதைகளில் அவ்வளவு தூரம் கரையை விட்டு விலகவே வழியில்லை. ஆபத்தும் உண்டு. 2006இல் கூகர் ஏஸ் என்ற கார் ஏற்றும் கப்பல், 4,700க்கும் மேற்பட்ட கார்களோடு, அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே பேலாஸ்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது சமநிலை இழந்து பக்கவாட்டில் சாய்ந்தது.

பேலாஸ்ட் நீர் மேலாண்மை ஒப்பந்தம் 2004இல் ஏற்கப்பட்டது. போதுமான நாடுகள் ஒப்புதல் தந்து நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் ஆனது. 2024 செப்டம்பருக்குள் அதற்கு உட்பட்ட கப்பல்கள் சுத்திகரிப்பு அளவுகோலை எட்ட வேண்டும் என்பது கெடுவாக இருந்தது. அளவுகோல் இது: 50 மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டர் நீரில் 10க்குக் குறைவாக இருக்க வேண்டும், 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை ஒரு மில்லிலிட்டரில் 10க்குக் குறைவு, காலராக் கிருமிக்கும் ஈ.கோலைக்கும் தனி வரம்பு. அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேராமல் தன் சொந்த விதிகளை வைத்திருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50,000 கன மீட்டர் தண்ணீரை விடும் கப்பல், விதியை மீறாமலேயே, பெரிய வகையில் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் உயிர்களை விடலாம். இதைச் சொல்லிச் சட்டத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெருங்குறைப்பு. சீட்டுகளின் எண்ணிக்கை குறைந்தால் பரிசு விழும் வாய்ப்பும் குறையும்.

நடைமுறைத் தொல்லைகள் வேறு. கப்பல்களில் பொதுவாக இருப்பது இரண்டு வகைக் கருவிகள்: வடிகட்டிப் புற ஊதா ஒளி பாய்ச்சுவது, அல்லது கடல்நீரின் உப்பிலிருந்தே மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கிக் கொல்வது. ஆற்றுமுகத் துறைமுகத்தின் சேற்றுத் தண்ணீரில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், ஒளியும் ஊடுருவாது. உப்பு குறைந்த அல்லது மிகக் குளிர்ந்த நீரில் குளோரின் சரியாக உண்டாகாது. உண்டானதை வெளியே விடும் முன் தயோசல்பேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து முறிக்கவும் வேண்டும். சரக்கு ஏற்ற நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கருவி மக்கர் செய்தால் கப்பல் பணியாளர் என்ன செய்வார்? அதனால் கருவி இருக்கிறதா என்ற சான்றிதழைவிட, வெளியேறும் தண்ணீரைத் துறைமுகத்தில் சோதிப்பதுதான் முக்கியம் என்பேன்.

ஒட்டி வருபவைக்கு இதற்கு இணையான கட்டாய ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. 2011இல் வழிகாட்டு நெறிகள் வந்தன, 2023இல் திருத்தினார்கள். பின்பற்றுவது அவரவர் விருப்பம். நியூசிலாந்து 2018இலிருந்து சுத்தமான அடிப்பகுதியோடுதான் உள்ளே வரவேண்டும் என்று நாடு முழுவதற்கும் கறாராக விதித்தது. கப்பல்காரருக்கும் இதில் லாபம் உண்டு, பாசி படிந்த கப்பல் அதிக எரிபொருள் குடிக்கும். ஆனால் அந்தக் கணக்கு பரந்த அடிப்பகுதியைச் சுத்தம் செய்யத்தான் தூண்டும். எரிபொருளைப் பாதிக்காத சீ செஸ்ட் மூலையை யாரும் அதற்காகத் தொடமாட்டார்கள். துறைமுகத்தில் மிதக்கும்போதே தூரிகை போட்டுச் சுரண்டினால், சுரண்டியதை உறிஞ்சிப் பிடிக்காதவரை, உயிர்களை நாமே கையால் விதைப்பது போலாகிவிடும்.

பெரிய கப்பல் கொண்டுவந்து இறக்கியதைப் பக்கத்து ஊர்களுக்கு எடுத்துப்போவது சிறு படகுகள். நங்கூரக் கயிறு, வலை, படகின் அடி எல்லாம் போதும். கௌலெர்ப்பா என்ற பாசி 1984இல் மொனாக்கோ கரையில் காணப்பட்டது. அது மீன்காட்சித் தொட்டியிலிருந்து தப்பியது, கப்பலுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அங்கிருந்து கரை கரையாக அதைக் கொண்டுபோனதில் நங்கூரங்களுக்குப் பங்குண்டு.

வந்த பிறகு அழிக்க முடியுமா? அனேகமாக முடியாது. வட பசிபிக் நட்சத்திர மீன் டாஸ்மேனியாவின் டெர்வென்ட் கழிமுகத்தில் 1986இலேயே பிடிபட்டது. உள்ளூர் இனம் என்று தவறாக எண்ணிவிட்டார்கள். 1992இல்தான் சரியாக அடையாளம் கண்டார்கள். ஆறு ஆண்டு. ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் ஒரு கோடிக்கு மேல் முட்டை விடக்கூடியது. 1990களின் நடுவில் மெல்பர்ன் இருக்கும் போர்ட் ஃபிலிப் விரிகுடாவுக்கும் போய், சில ஆண்டுகளில் அங்கேயே எண்ணிக்கை கோடியைத் தாண்டியது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்தது வேறு. 1999 மார்ச்சில் அங்கே ஒரு படகுத்துறையில் கரீபியப் பக்கத்தைச் சேர்ந்த மைட்டிலோப்சிஸ் என்ற கறுப்புக் கோடு மட்டி, சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில், ஒட்டிக் கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த கணக்கில் ஒன்றுகூட இல்லை. ஏதோ ஓர் உல்லாசப் படகின் அடியில் வந்திருக்க வேண்டும். உடனே மூன்று படகுத்துறைகளை மூடினார்கள், குளோரினையும் செம்பு உப்பையும் டன் கணக்கில் கொட்டினார்கள், உள்ளே இருந்த எல்லா உயிரையும் சேர்த்துக் கொன்றார்கள். வெளியே போயிருந்த படகுகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவு. சில வாரங்களில் மட்டி ஒழிந்தது. இது முடிந்ததற்குச் சீக்கிரம் கண்டது ஒரு காரணம், தயங்காமல் முடிவெடுத்தது இன்னொன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, டார்வினில் ஓதம் எட்டு மீட்டர் வரை ஏறி இறங்கும் என்பதால் அந்தப் படகுத்துறைகளுக்கு மடைக் கதவுகள் இருந்தன. கதவைச் சாத்தினால் கடல் ஒரு தொட்டியாகிவிடும். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் அதே மட்டி 1967லேயே பதிவாகிவிட்டது. அங்கே சாத்துவதற்குக் கதவு இல்லை.